உனக்குச் சொல்லாமல் விழுங்கிய உதாரணம்

டிராயிங்,

நேற்று உன் மகள் வந்து என் கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாய். பிரித்ததும் பென்சில் சீவிய வாசனை வந்தது. ஒரு பக்கத்தின் இடுக்கில் சீவல் சுருள்கூட இருந்தது. கணக்குப் புத்தகத்தை வாங்கினால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நீ ஓரமெல்லாம் படம் போட்டிருக்கிறாய். கணிதத் தொகுத்தறிதல் என்ற பாடத்தின் முதல் பக்கத்தில் இருப்பது நான். மூக்குக்கண்ணாடி, காதுமுடி, எதையும் நீ விடவில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பூட்டு தொங்குகிறது.

"இன்னா அங்கிள், உங்களுக்குப் போயி பூட்டு போட்டு வெச்சிருக்காரு எங்கப்பா?" என்று அவள் சிரித்தாள். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே பள்ளியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்தோம். நான் கணக்கு, நீ ஓவியம். நமக்குள் கூப்பிட்டுக்கொண்ட பெயர்கூட அதுதான்: கணக்கு, டிராயிங். பத்தாம் வகுப்புக் கணக்கை மூன்றாவது முறை எழுதித்தான் தேறினேன் என்று நீயே ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்வாய். எண் என்று ஒன்று வந்துவிட்டால் என் மேசைக்கு வருவாய். நானும் பொறுமையாகச் சொல்லித் தருவேன். அந்த ஏற்பாடு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது, அது மாறிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஓய்வு பெற்ற நான்காம் வருடம் அது. பேருந்து நிலையத்துக்கு எதிர்த்த தேநீர்க்கடையில் உன் கைப்பேசியை என் மூக்கருகே நீட்டினாய்.

"ஏம்பா கணக்கு, இத்தப் பாரு. யூனிவர்சிட்டில கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி. வீட்லருந்தே படிக்கலாமாம். வயசு வரம்பு இல்லன்னு போட்டிருக்கான். வாயேன், ரெண்டு பேரும் சேருவோம்."

"உனக்கு அறுபத்திரண்டு ஆவுது."

"அதான் சொல்றேனே, வரம்பு இல்லன்னு."

முழங்கால் வலி என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். உட்கார்ந்து படிக்கிற படிப்புக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்கவில்லை. உன் பக்கத்தில் நானும் ஒரு மாணவனாக உட்காருவதா என்பதுதான் என் முழங்கால் வலி.

நான்கு வாரம் பாடம் கேட்டு, தகுதித் தேர்வில் நாற்பது மதிப்பெண் எடுத்தால் படிப்பில் சேர்த்துக்கொள்வார்கள். முதல் வாரப் பாடத்தை ஓவிய நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தாய். உங்கள் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்திருந்தோம். உன் அண்ணன் பாத்தியில் பலகை இழுத்துக்கொண்டிருந்தார். நோட்டில் x = x + 1 என்று இருந்தது. நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

"தப்பு. இந்த x-ஐ அந்தப் பக்கம் கொண்டு போ. சைபர் சமம் ஒண்ணுன்னு வருது. பத்தாங்கிளாஸ் பையன் எழுதினாலே கோழிமுட்டை போடுவேன்."

நீ நோட்டைப் பார்த்தாய். பிறகு பாத்தியைப் பார்த்தாய்.

"அண்ணன் நிக்குறாரே, அது எத்தனாவது பாத்தி?"

"மூணாவது."

"காலையில அதுல இருந்த தண்ணி வேற. மேல் பாத்தியிலருந்து கொஞ்சம் தொறந்து விட்டாரு, இப்ப இருக்கிறது வேற. ஆனா பாத்தி அதே மூணாவது பாத்திதான? x-ங்கிறது நம்பர் இல்லப்பா. பாத்தி. உள்ள இருக்கிறத எடு, ஒண்ணு சேரு, திரும்ப அதுலயே ஊத்துன்னு சொல்றான். அவ்ளோதான்."

அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ பாடத்தைப் புரிந்துகொண்டதற்காக அல்ல. உதாரணம் என்னுடைய சொத்து. தேற்றத்தை மறந்துபோன பிள்ளைகள்கூட என் உதாரணங்களை மறந்ததில்லை. கடைத்தெருவில் பார்த்தால் "சார், அந்த லாரி டயர் உதாரணம்!" என்பார்கள். அந்தச் சொத்தில் நீ வந்து கை வைத்துவிட்டாய். அதுவும், நான் முப்பத்துநான்கு வருடம் தினமும் பார்த்துக்கொண்டு போன உப்புப் பாத்தியை வைத்து.

இதுவரை உனக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். மறுநாள் காலை நானும் விண்ணப்பித்தேன்.

நீ பாடம் கேட்கும் நேரத்தில் நானும் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரிப் பக்கம். நீ காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று தெரிந்துகொண்டு நான் பிற்பகலைப் போட்டேன். வீட்டில் இரும்பைக் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னேன். "வரும்போது விபூதி வாங்கினு வாங்க" என்றாள் என் மனைவி. தேர்வு மையத்தின் வாசலில் ஒரு பெண், "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய வெய்ட் பண்ணணும் சார்" என்று என்னைத் தடுத்தாள். அனுமதிச் சீட்டைக் காட்டினேன். அவள் மன்னிப்புக் கேட்டது இன்னும் மோசமாக இருந்தது.

உள்ளே ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். படிப்படியாக எழுதிப் பார்த்துவிட்டுத் திரையில் விடையைக் குறிக்க வேண்டும். சுற்றிலும் பிள்ளைகள் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் எந்த எண் எப்படி மாறுகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவைத் திறக்கவில்லை. ஸ்டெப் போடாவிட்டால் மார்க் கிடையாது என்று எத்தனை ஆயிரம் தாள்களில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன்? அந்த நான்தான் எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போட்டேன். வெளியே வந்து, சொன்ன பொய்க்காக இரும்பைக்குப் போய் விபூதியும் வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தேன்.

நீ தேறினாய். நான் தேறவில்லை.

அதற்குப் பிறகு உன்னைப் பார்ப்பதே எனக்குத் தண்டனையாக இருந்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தேநீர்க்கடைக்கு வந்தாய். பேருந்தில் நடத்துநரிடம் அதைக் காட்டி "ஸ்டூடன்ட்" என்றாய். "பெரியவரே, எறங்கும்போது பார்த்து எறங்குங்க" என்று அவர் சீட்டைக் கிழித்தார். நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கணக்குத் தாள் வந்தது. கணினி அறிவியலுக்கு நிரல் எழுதினால் மட்டும் போதாது, கணக்கும் தேற வேண்டும் என்பது உனக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு தாளை இரண்டு முறைதான் எழுதலாம். இரண்டாவது முறையும் தவறினால் வெளியே போக வேண்டியதுதான். நீ வழக்கம்போல என்னிடம் வந்தாய். இந்தப் புத்தகத்தை அன்றுதான் உனக்குக் கொடுத்தேன்.

தொகுத்தறிதல். ஒரு கூற்று ஒன்றுக்கு உண்மை என்று காட்டு. k-க்கு உண்மை என்று கொள். k+1-க்கும் உண்மை என்று காட்டு. அப்படியென்றால் எல்லா எண்ணுக்கும் உண்மை. புத்தகத்தில் உள்ளதை வரிவரியாக வாசித்தேன்.

"நிரூபிக்கணும்ங்கிற. அப்புறம் உண்மைன்னு வெச்சுக்கோங்கிற. வெச்சுக்கிட்டா அப்புறம் இன்னாத்தப்பா நிரூபிக்கிறது?" என்றாய்.

ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கிற கேள்வி அது. அதற்கு என்னிடம் ஓர் உதாரணம் உண்டு. நம் பள்ளியின் சைக்கிள் நிறுத்தம். ஒரு சைக்கிள் விழுந்தால் பக்கத்துச் சைக்கிளையும் தள்ளும்படி நெருக்கமாக நிறுத்தியிருக்கிறார்கள். 'k-க்கு உண்மை என்று கொள், k+1-க்கும் காட்டு' என்பது இதுதான். அது மட்டும் இருந்தால் ஒன்றும் விழாது. முதல் சைக்கிளை யாராவது தள்ளிவிட வேண்டும். இரண்டும் இருந்தால், எத்தனை சைக்கிள் நின்றாலும் அத்தனையும் விழும். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் நான் வேலைக்கே போனேன்.

நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"புத்தகத்துலயே இருக்குது, ரெண்டு தடவ படி" என்றேன்.

நீ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய். "ஒடம்பு சரியில்லையா ஒனக்கு? உதாரணமே சொல்ல மாட்டேங்கிற." நான் கண்ணாடியைத் துடைத்தேன். அன்று மட்டுமல்ல, ஒரு மாதம் முழுக்க அப்படியே நடத்தினேன். கோபிக்கவில்லை, குரல் உயர்த்தவில்லை, ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. யாரும் குறை சொல்ல முடியாதபடி மோசமாகச் சொல்லித் தந்தேன்.

நீ தோற்றாய். தேநீர்க்கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "கணக்குல பெயிலாயிட்டேம்பா!" என்று அறிவித்தாய். எல்லோருக்கும் பஜ்ஜி சொன்னாய்.

"பெயிலுக்கே பஜ்ஜின்னா, பாஸானா இன்னா சார் தருவீங்க?" என்றார் கடைக்காரர்.

"பாஸானா நீ தரணும்யா."

கடையே சிரித்தது. நானும் ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டேன். நீ தேறியபோதுகூட எனக்கு அவ்வளவு பொறாமை வந்ததில்லை. என் தோல்வியை நான் சுவரிடம்கூடச் சொன்னதில்லை. நீ அதைப் பஜ்ஜியோடு பரிமாறினாய்.

நான் திருந்திவிட்டேன் என்று நீ நினைத்திருந்தால், அது தவறு. நடந்தது வேறு. ஒரு வாரம் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். நீ கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைத்து, அதிலிருந்த ஒரு பெண் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன்னோடு படிக்கிற பெண், கோட்டக்குப்பத்துப் பர்வீன். கணவர் துபாயில். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படிப்பவள் என்று பிறகு சொன்னாய்.

"அங்கிள், நோன்பு தொறக்கிறப்ப வரிசையா உட்காருவாங்கல்ல?" என்றது அவள் குரல். "பேரீச்சம்பழத் தட்டு வாங்குற ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளுக்குத் தள்ளுவாங்கன்னு நிச்சயமாத் தெரியும்னு வெச்சுக்கோங்க. அப்ப நம்ம வேலை, மொதல் ஆள் கையில தட்டக் குடுக்கிறது மட்டும்தான். கடைசி ஆள் வரைக்கும் அதுவே போயிடும்."

"அடடா!" என்றாய் நீ.

அந்த "அடடா" என்னுடையது, டிராயிங். அது என் சைக்கிளுக்கு வந்திருக்க வேண்டியது. முகம் தெரியாத பெண்ணுக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாய். உன்னைத் தேறவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்னொருவர் சொல்லிக் கொடுத்து நீ தேறுவதை அதைவிடவும் தாங்க முடியவில்லை. கைப்பேசியை நீ வைப்பதற்குள், "எடு நோட்ட" என்றேன்.

அன்றிலிருந்து இரண்டு மாதம், தினமும் காலை ஏழு மணிக்கு. சைக்கிள், லாரி டயர், பந்திப் பாய் என்று கையில் இருந்த எல்லாவற்றையும் கொட்டினேன். பூட்டு வாய்க்கு எதிர்ப் பக்கத்தில் நீ வரைந்திருப்பதை நேற்றுதான் பார்த்தேன். என் வாய் திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.

மறுதேர்வுக்கு உன் வண்டியில்தான் போனோம். திரும்பும்போது கீழ்புத்துப்பட்டில் டீக்குடிக்க நிறுத்தினாய். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாய்.

"அந்த மொதல் எக்ஸாமுக்கு நீயும் வந்த இல்ல?"

"எந்த எக்ஸாம்?"

"கேட்டுல லிஸ்ட்டு ஒட்டியிருந்தான். மத்தியான பேட்ச்சுல உன் பேரு இருந்துது."

"ஊர்ல எத்தன பேருக்கு அந்தப் பேரு."

"இனிஷியலும் அதான்."

"இருக்கும்."

நீ ஒரு வாய் குடித்தாய். "இருக்கும், இருக்கும்" என்றாய். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் நீ. இன்னும் ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் உண்மையா என்று தெரியவில்லை.

எழுபத்திரண்டு எடுத்தாய். தொலைபேசியில் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "மொத்தம் எத்தன பேரு பெயில்?"

"டேய், வாழ்த்துன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா ஒனக்கு?" என்று சிரித்தாய். நாளைக்கு நேரில் சொல்கிறேன் என்றேன். மறுநாள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. அடுத்த பருவத்துப் பாடங்கள் தொடங்கிய வாரம், பல் துலக்கப் போன நீ தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்தாய். பிறகு எழுந்திருக்கவில்லை.

போன வாரம் தேநீர்க்கடையில் உன் பேச்சு வந்தது. "டிராயிங் மாஸ்டருக்கே எழுபத்திரண்டுன்னா, நம்ம கணக்கு சார் எழுதியிருந்தா ஸ்டேட் பர்ஸ்ட்டு" என்றார் கடைக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு என்ன ஆனதோ, டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"எழுதினேம்பா. பெயில். முப்பத்தொண்ணு."

கடைக்காரர் வந்து என் தோளில் கை வைத்தார். "சும்மா இருங்க சார். அவரு போன துக்கத்துல அவர ஒசத்திப் பேசறீங்க. ஒங்க மனசு யாருக்கு வரும்?" எதிர் பெஞ்சில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனுமதிச் சீட்டு வீட்டில் இருக்கிறது, காட்டுகிறேன் என்றேன். "விடுங்க சார், விடுங்க" என்று ஒரு தேநீரைக் கையில் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நீ தோற்றேன் என்றாய், ஊர் நம்பியது. பஜ்ஜி தின்றது. நான் சொன்னால் அதையும் என் பெருமைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இனி யாரிடம் போய்ச் சொல்வேன்? இருக்கிற நாள்வரை அந்த மார்க்கை நான் ஒருவனாகத்தான் வைத்திருக்க வேண்டும். இதிலும் நீதான் கொடுத்து வைத்தவன்.

வாழ்த்துகள், டிராயிங். எழுபத்திரண்டு நல்ல மார்க். அந்தப் பட்டியலில் இருந்த பேரு என்னுதுதான். இனிஷியலும் என்னுதுதான். முப்பத்தொண்ணு.

நீயாவது நம்பு.

கணக்கு