அக்காவின் நிறத்துக்கு ஒரு திரை

மார்ச் 4, செவ்வாய்

அக்காவைக் கொன்றது நாங்கள்தான். நான், அம்மா, பெண் பார்க்க வந்துவிட்டுப் போன அந்தக் குடும்பம், லேபிள் இல்லாத டப்பாவில் கிரீம் விற்ற பார்லர்காரி. வழக்கு எதுவும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்து மரணம் என்று காகிதத்தில் இருக்கிறது. காகிதம் பாவம், அதற்கு என்ன தெரியும்?

இன்றைக்கு ஸ்டூடியோவில் மூன்று பெண்களை வெளுத்தேன். கீபோர்டில் எஃப் ஐந்தைத் தட்டினால் போதும், படத்தில் முகமும் கழுத்தும் இரண்டு படி ஏறிவிடும். அந்த விசைக்கு முதலாளி வைத்த பெயர் ‘கல்யாணம்’. மூன்றாவது பெண்ணுக்கு அக்கா மாதிரியே புருவம். தட்டிய விரலை பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். எதைத் துடைத்தேன்?

மார்ச் 5, புதன்

இந்த மாதம் முப்பதாம் தேதியோடு அவள் போய் ஒரு வருஷம். கூடத்தில் பெரிய படம் மாட்ட வேண்டும் என்கிறாள் அம்மா. எந்தப் படம் என்று சொல்ல வேண்டியதில்லை. இருப்பது ஒன்றுதான், வரன் பார்க்க நான் எடுத்து நானே வெளுத்த படம். அவள் போனில் இருக்கிற செல்ஃபி எல்லாம் போனே வெளுத்தவை, பழைய ஆல்பப் படங்கள் எல்லாம் சாயம் போனவை.

அசல் கிடையாது. கேமரா கார்டைச் சாயங்காலமே காலி செய்துவிட வேண்டும் என்பது ஸ்டூடியோ வழக்கம். திருத்திய படத்தை அசலின் பெயரிலேயே அசலின் மேலேயே சேமித்தது என் சோம்பேறித்தனம். ஆறு வருஷமாக ஊர்ப் படங்களை எல்லாம் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடுவேன். வீட்டுப் படம்தானே என்று விட்டேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அவள் என்ன நிறம் என்று எனக்கு நினைவில்லை. கண்ணை மூடினால் படத்தில் இருப்பவள்தான் வருகிறாள். இருபத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளை ஒரு ஃபைல் விழுங்கிவிட்டது.

மார்ச் 8, சனி

லேப்டாப் வாங்கப்போகிறேன். தனியாக டிசைன் வேலை எடுக்கப்போவதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் எதற்கு என்று எனக்குத் தெரியும். ஸ்டூடியோத் திரை பழுப்பேறிப் போனது. அதில் அவள் நிறத்தைத் தேடுவது அழுக்குத் தண்ணீரில் முகம் பார்ப்பது மாதிரி.

பக்கத்து அச்சகத்தில் டிசைன் பண்ணுகிற லேயரைக் கேட்டேன். காதல் தோல்வியைக்கூடப் போட்டோஷாப் படம் மாதிரி லேயர் லேயராக, அடுக்கடுக்காகப் பிரித்துச் சொல்வான், அதனால் அந்தப் பெயர்.

“பிராசசர் பிராசசர்னு எவனாவது பேசினா ஓடிடு. ரேம் பதினாறு இருக்கட்டும், மத்தது ஏதோ ஓடும். திரைதான்டா உன் கண்ணு. கண்ணு பொய் சொன்னா கை என்னடா பண்ணும்?”

“எந்தத் திரை?”

“அழகா காட்டுறத வாங்காத.”

மார்ச் 9, ஞாயிறு

கடைக்குப் போனேன். பென் டிரைவில் அவள் படம்.

விற்பனைக்காரர் ஒருவர் ஒட்டிக்கொண்டார். “என்ன வேலைக்கு சார்?”

“போட்டோ எடிட்டிங், டிசைன்.”

“அப்ப கேமிங் மாடல் எடுங்க. எவ்வளவு பெரிய கேம் போட்டாலும் அசராது.”

“நான் விளையாட வரல. கலர் உள்ளது உள்ளபடி தெரியணும்.”

“கலரா? திரையில ஓடுற இந்தக் கிளிய பாருங்க சார், கண்ணப் பறிக்குதுல்ல!”

கிளியை மூடிவிட்டு அக்காவைத் திறந்தேன். ஒன்றில் ரோஜா நிறம். இன்னொன்றில் நீலம் பாய்ந்து, ஆஸ்பத்திரியில் கடைசி நாள் பார்த்த உதடு மாதிரி. மூன்றாவதில் மெழுகு. எதையும் மூடாமல் அடுத்ததற்குப் போயிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் வரிசையாக ஒன்பது மேஜை, ஒன்பது அக்கா, ஒன்பது நிறம். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். ஒருத்தியும் அவள் இல்லை.

“யாரு சார் இவங்க, மாடலா? நல்ல கலர்.”

கை ஓங்கவில்லை. ஓங்கியிருக்க வேண்டும். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பேருந்தில் ஏறின பிறகுதான் உறைத்தது, எந்தத் திரையிலும் படத்தை மூடாமலே வந்திருக்கிறேன். பென் டிரைவைப் பிடுங்கினாலும் திறந்த படம் அப்படியே நிற்கும். கடை மூடும்வரை அவள் அங்கே நின்றுகொண்டிருப்பாள், ஒவ்வொரு விலைச்சீட்டுக்கும் பக்கத்தில்.

மார்ச் 10, திங்கள்

தூங்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் மட்டும் விடவா போகிறாள்?

வெளுத்த படத்தை முதலில் காட்டியபோது அக்கா சிரித்தாள். “யாருடா இவ? நல்லாத்தான் இருக்கா. மாப்பிள்ளைக்கு இவளையே கட்டி வச்சிடு, நான் லீவு போட்டுட்டு வந்து சாப்பிட்டுப் போறேன்.”

அம்மாதான் “இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா” என்றாள். ஏற்றினேன்.

அவர்கள் வந்தார்கள். பையனின் அம்மா அக்காவையும் கையிலிருந்த படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “போட்டோல வேற பொண்ணு மாதிரில்ல இருந்துச்சு?” என்று கேட்டாள், கடையில் மாற்றுப் பொருள் கொடுத்துவிட்ட மாதிரி. காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் அக்கா சிரிக்கவில்லை. பார்லர்காரியிடம் டப்பா வாங்கினாள். கண்ணாடி முன்னால் படத்தை ஒட்டிவைத்து எட்டு மாதம் பூசினாள். டாக்டர், கிரீமில் பாதரசம் இருக்கும்போலிருக்கிறது, அதுதான் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது என்றார். அவள் எட்டிப்பிடிக்கப் பார்த்த முகத்தை வரைந்தவன் நான். பாதரசத்துக்கு மட்டும் ஏன் கெட்ட பெயர்?

மார்ச் 15, சனி

முதலாளியிடம் எஃப் ஐந்தை எடுத்துவிடலாம் என்றேன்.

“ஏம்ப்பா, நாம டாக்டரா, நீதிபதியா? கடைப்பா இது. கேக்குறத குடுக்குறோம்.”

“கிரீம் வித்தவளும் இதத்தான் சார் சொன்னா.”

திங்கட்கிழமையிலிருந்து என்னை அடையாள அட்டைப் படங்களுக்கு மாற்றிவிட்டார். நல்லது.

மார்ச் 16, ஞாயிறு

இன்னொரு கடை. அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்புகளைச் சரிபார்த்து விற்கிற இடம், அச்சகத்துக்காரர்கள் போகிற கடை. தடியாக, கறுப்பாக ஒன்று. பளபளப்பு இல்லாத திரை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் கனம். கடைக்காரரே கூச்சப்பட்டார். “கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும் தம்பி. புதுசுல அள்ளுற மாதிரி இதுல அள்ளாது.”

லேயரும் கூட வந்திருந்தான். திரையின் மேல் நிறம் அளக்கிற கருவியைச் சிலந்தி மாதிரித் தொங்கவிட்டு அளந்தான். “இது பேச்சு மாறாதுடா” என்றான்.

அக்காவைத் திறந்தேன்.

சுண்ணாம்பு. முகம் முழுக்கச் சுண்ணாம்பு. காதோரம் என் பிரஷ் போன தடம், தாடைக்குக் கீழே பூச்சு திட்டுத் திட்டாக. இதையா அழகு என்று பிரின்ட் போட்டுக் கொடுத்தேன்? பொய் பொய்யாகவே தெரிந்த முதல் திரை இதுதான்.

வாங்கிவிட்டேன்.

மார்ச் 22, சனி

கிடைத்துவிட்டது.

நானூறு சதவீதம் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினேன். இடது காதுக்குக் கீழே, முடி விழுகிற விளிம்பில், பிரஷ் படாத இடம். முடிக்குள் நுழைந்து கவனமாகப் பூச அன்றைக்குச் சலிப்பு. பதினேழு பிக்சல் அகலம் இருக்கும். நிழலும் இல்லை, நல்ல வெளிச்சம் விழுந்த தோல். பழைய திரையில் அது முடியோடு முடியாகக் கலந்து கிடந்திருக்கிறது.

என் சோம்பேறித்தனம்தான் அசலை அழித்தது. அதே சோம்பேறித்தனம்தான் இத்தனூண்டு அவளை மிச்சம் வைத்திருக்கிறது. சிரிப்பதா?

திரையில் அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. உயிரோடு இருக்கிற ஒன்றைப் பார்த்துவிட்ட மாதிரி.

மார்ச் 25, செவ்வாய்

அந்த நிறத்தைத் தொட்டு எடுத்து நெற்றிக்கு, கன்னத்துக்கு. வெயில் படும் இடம் வேறு, படாத இடம் வேறு. காலையில் இரண்டு மணி நேரம் செய்துவிட்டு வேலைக்குப் போகிறேன். மூக்கு முடிந்ததும் மூக்குத் தழும்பு ஞாபகம் வந்தது. அதையும் நான்தான் அழித்திருந்தேன். பம்பரத்தை நான் எறிந்து பட்ட காயம். திரும்ப வைத்தேன்.

மார்ச் 27, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். பார்க்கமாட்டேன் என்கிறாள்.

“அவ ஆசப்பட்ட மாதிரி இருக்குறது அந்த ஒரு படத்துலதான். அதையும் பிடுங்கணுமாடா?”

“அவ ஆசப்படலம்மா. நாம ஆசப்பட்டோம்.”

“வாய மூடு.”

மூடினேன். அம்மாவின் கையும் அதே பதினேழு பிக்சல் நிறம்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கையைப் பார்த்து யார் என்ன சொன்னார்களோ. நான் கேட்டதே இல்லை.

மார்ச் 29, சனி

முடிந்தது. நிறம் வந்ததும் கண் மாறிவிட்டது. கண்ணை நான் தொடவே இல்லை. சுண்ணாம்புக்குள் இருந்தபோது யாரையோ பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது என்னைப் பார்க்கிறாள். ‘டேய்’ என்று கூப்பிடுவதற்கு முந்தின நொடியில் இருக்கிறாள். நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

கூடத்தில் காலையிலேயே அம்மா வெள்ளைப் படத்தை மாட்டியிருந்தாள். நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.

தட்டு எடுக்க வந்தாள். பார்த்துவிட்டாள்.

தட்டு கையிலேயே இருந்தது. முந்தானையால் திரையின் ஓரத்தைத் துடைத்தாள், அங்கே தூசி எதுவும் இல்லை. அக்காவின் மூக்குக்கு நேராக விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சுவரிலிருந்த படத்தைக் கழற்றவில்லை. அதை நான் கழற்றக் கூடாது.

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

“அம்மா, ரெண்டுல எது உன் பொண்ணு? நீயே சொல்லு.”

சாத்திய கதவில் உள்ளங்கையை வைத்தேன்.

“சொல்லும்மா.”