தழும்பின் வலது முனை

வலி என்று நான் நடிக்கிறேன் எனச் சொன்னவள் நீ, அக்கா. தெருப் பெருக்கும் நம் கேங்குக்கு மேஸ்திரி நீ. சூப்பர்வைசர் கேட்டபோது அத்தனை பெண்கள் முன்னால் சொன்னாய். ஒன்பது வருஷ கான்ட்ராக்ட் வேலை அன்றோடு போயிற்று.

இன்று உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வடக்குத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மகள் சாந்தி பந்தியில் குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தேன்.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு, தழும்பின் வலது முனையில் எனக்கு ஓயாத வலி. பாவாடை நாடா பட்டாலே எரியும். "இறுக்கிக் கட்டிக்கினு பெருக்குடி, ஒண்ணும் தெரியாது" என்று சட்டைக்கு மேல் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டாய். கம்பெனி குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்கும் நாம் எந்த வலிக்கும் செய்வது அதுதான். முடிச்சு அழுத்தியது சரியாக அந்த இடத்தை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. உடனே நீ சூப்பர்வைசரிடம், "வயித்துல ஒண்ணுமில்லீங்க, நடிச்சிகினு இருக்கா" என்றாய்.

போன வருஷம் ஒரு டாக்டரம்மா என்னைப் படுக்கச் சொல்லி, தழும்பின் அந்த முனையில் ஒற்றை விரலை வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொன்னார். வலியில் உயிர் போயிற்று. "நரம்பு தழும்புல மாட்டியிருக்கும்மா. ஸ்கேன்ல தெரியாது." மரத்துப்போக ஊசி போட்டார். பஸ் ஸ்டாப் வரை நிமிர்ந்து நடந்தேன். உன்னிடம் வந்து சொன்னேன். "இப்ப என்னாடி அதுக்கு?" என்றாய். அப்படியே போய்ச் சேர்ந்தாய்.

இன்று பந்தி முடிந்ததும் சாந்தியைத் தனியே கூப்பிட்டு, துண்டு எதற்கென்று கேட்டேன்.

"ரெண்டாவது சிசேரியன்லேர்ந்து தழும்புல இப்டித்தான் வலிக்குது சித்தி. அம்மாதான் கட்டிவுட்டுச்சு. வெளிய சொல்லாத, உன்னியும் நடிக்கிறான்னுவாங்கன்னு சொல்லிச்சு."

மகளின் வலியை நீ நம்பியிருக்கிறாய். ஆக, என் வலியும் நிஜம் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். சாந்தி இன்றே துண்டை அவிழ்க்க வேண்டும். வியாழக்கிழமை அவள் புருஷன் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்டரம்மாவிடம் அவளை நான் கூட்டிப்போவேன். ஸ்கேனை நீட்டினால் போதாது, வலிக்கும் இடத்தை அவள் விரல் வைத்துக் காட்ட வேண்டும். இப்போது மேஸ்திரி அவள். திரும்பி வந்ததும், நான் நடிக்கவில்லை என்று கேங் முன்னால் அவள் வாயால் சொல்ல வேண்டும்.

உன் படத்துக்குப் பூ போடுவதை அதற்குப் பிறகு நான் யோசிக்க வேண்டும்.