திரும்பாத கழுத்து

அண்ணே,

காலையில் என் மகன் புது ஹெல்மெட் வாங்கி வந்தான். விளையாட்டாக என் தலையில் மாட்டிவிட்டான். கொஞ்ச நேரத்திலேயே கழுத்து கடுத்தது. கழற்றி வைத்தேன். அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

இட ஒதுக்கீட்டுக்காக ரோட்டை மறித்த அந்த வருஷம் நீ லீவில் வந்தாய். சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, நேரே என் வீட்டுக்கு வந்தாய். கள்ளக்குறிச்சியில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பஸ் இல்லை. நடந்தே போய்விடலாம் என்றாய். பெட்டியை என்னிடம் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம். போர் விமானம் ஓட்டுகிறவன் ஒரு சின்னப் பெட்டியைத் தங்கையிடம் தூக்கக் கொடுப்பானா?

வழியில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு தாண்டினாய். நாலடி நடந்ததும் மறியலில் இருந்த ஒருவர் பின்னாலிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் உன் பெஞ்சில் உட்கார்ந்தவர், லீவு நாளில் உன்னோடு கல்வராயன் மலையடிவாரம் வரை சைக்கிள் மிதித்தவர். நீ திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாய்.

"நாம ரோட்ல கெடக்கறோம். ஐயா ஆபீசர் ஆயிட்டாரு. தலைக்கனம்," என்று அவர் சொன்னது நம் இருவர் காதிலும் விழுந்தது.

கரும்புத் தோட்டத்து ஓரம் வந்ததும் நின்றாய். முகமெல்லாம் வியர்வை.

"கழுத்து திரும்ப மாட்டேங்குது. கை வரைக்கும் சுரீர்னு இழுக்குது."

"உக்காந்துக்கினுதானண்ணே ஓட்டுற? இன்னாத்துக்கு வலி?"

"விமானத்த வேகமா வளைச்சா ஒடம்பு ஆறேழு மடங்கு கனமாய்டும். தலையும் ஹெல்மெட்டும் சேந்து கழுத்து மேல உக்காரும். அப்பதான் பின்னாடி எவனாவது வரானான்னு திரும்பிப் பாக்கணும்."

"டாக்டராண்ட சொல்லேன்."

"சொன்னா பறக்க உட மாட்டாங்க. நீயும் யாராண்டயும் சொல்லாத."

சொல்லவில்லை. உன் தலைக்கனம்தான் ஊரெல்லாம் பேச்சு. அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கு அது பெருமையாக இருந்தது.

நீ போய் மறுபடியும் பறந்தாய். வலது கை மரத்து, டம்ளர் நழுவ ஆரம்பித்த பிறகுதான் கழுத்தைப் படம் எடுத்தார்கள். எலும்புகளுக்கு நடுவே இருந்த ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்தது. ஆபரேஷன் செய்தும் கை வரவில்லை. வயதானால் எல்லோருக்கும் தேய்வதுதான் என்று யாரோ ஒரு அதிகாரி சொன்னாராம். உனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

வேலையை விட்டு ஊருக்கு வந்தாய். அண்ணி சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அன்று மறியலில் கூப்பிட்ட உன் கூட்டாளி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். எட்டிப் பார்க்கவில்லை. நீயும் ஆள் அனுப்பவில்லை. அதில் உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

மாரடைப்பில் நீ போன அன்று மாலையோடு வந்தார். அண்ணியிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்று என்னிடம் வந்து அழுதார்.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றேன்.

அதற்கப்புறம் அவரோடு நான் பேசுவதில்லை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எதிரே வந்தால் விலகிப் போகிறேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. நீ இருந்தால், "உட்டுத் தள்ளு" என்பாய். என்னால் விட முடியவில்லை, அண்ணே.