செவ்வாய்க்கிழமைச் சாளை

6 பெப்ரவரி 2024, செவ்வாய்

மத்தியானம் ஷாஹ்மியின் மீன் பைக் மேலேறி வந்தது. வெல்லவாயவிலிருந்து கடல் மீனை ஐஸ் பெட்டியில் கட்டிக்கொண்டு, கொஸ்லந்த தாண்டி எங்கள் தேயிலைத் தோட்டம் வரை வருகிறவர். பைக்கைத் திருப்புகிற இடம் என் வாசல், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசி வீடு. வியாபாரம் முடிந்ததும் கை கழுவி, பால் சேர்க்காத ஒரு சாயத்தண்ணி குடித்துவிட்டுத்தான் இறங்குவார். மகள் தனுஜா ஜோர்தானுக்குப் போன பிறகு நான் ஒரு மனுசரோடு உட்கார்ந்து பேசுவது அந்தக் கொஞ்ச நேரம்தான். மற்ற நாளில் ரேடியோ பேசும், நான் கேட்பேன்.

இன்று என் தொட்டியைக் காட்டினேன். ஒரு காலத்தில் தேயிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் பிடித்து வைத்த தொட்டி. தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கித் திலாப்பியா விட்டிருக்கிறேன். யாரும் வாங்குவதில்லை, சேறு மணக்கிறதாம்.

"ரெண்டு நாள் தீனி போடாம ஓடுற தண்ணில விடுங்க அக்கா. வாசம் போயிரும்," என்றார் ஷாஹ்மி. பிறகு சிரித்தார். "எனக்குப் போட்டியா வந்துராதீங்க."

நானா? போட்டியா?

11 பெப்ரவரி, ஞாயிறு

மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரைக் குழாயில் இழுத்துத் தொட்டிக்குள் விட்டிருந்தேன். இன்று ஒரு மீனைக் குழம்பு வைத்தேன். சேறு இல்லை. பக்கத்து வீட்டுப் பரிமளத்துக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். கிண்ணம் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது.

5 மார்ச், செவ்வாய்

செவ்வாய் என்றால் எங்கள் லயத்தில் மீன் நாள். ஷாஹ்மி வந்து வந்து உண்டான பழக்கம். இன்று மீன் வாங்க வந்த தட்டெல்லாம் என் தொட்டியடியில் நின்றன. அவருடைய சாளை மீனுக்கு என் மீன் பாதி விலை. குறைத்து விற்க எனக்கென்ன? ஐஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, படகுக்கு எண்ணெய் இல்லை. தவிடு மட்டும்தான். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளுக்குப் பிள்ளைமடுவத்தில் அத்தனை வருஷம் தொட்டில் ஆட்டியவளை இப்படி யாரும் தேடி வந்ததில்லை. பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஷாஹ்மி பார்த்தார். "நல்லா வளத்திருக்கீங்க அக்கா," என்றார். சாயத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கினார்.

19 மார்ச், செவ்வாய்

அவரிடம் நாலு தட்டுதான் போயின. பெட்டி வந்த கனத்திலேயே திரும்பிப் போனது.

26 மார்ச், செவ்வாய்

ஷாஹ்மியின் பைக் ஹோர்ன் கேட்கவில்லை.

2 ஏப்ரல், செவ்வாய்

இன்றும் இல்லை.

10 ஏப்ரல், புதன்

"இனி நீங்க வச்சதுதாங்க்கா வெல," என்கிறாள் பரிமளம். மீனை வாங்கிய கையோடு எல்லாரும் போய்விடுகிறார்கள். உலை வைக்க வேண்டாமா, பாவம். நேற்று முழுக்க நான் வாய் திறந்தது கோழியை விரட்ட மட்டும்தான். இன்று என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன்டி ரெங்கம்மா, வாசல்ல நாலு தட்டு நிக்குதுன்னு ஆடினியே — வந்து குந்துன ஒரு மனுசனையும் தொரத்திட்டு இப்ப யார்கூடடி பேசப் போற?

20 ஏப்ரல், சனி

கொஸ்லந்த டவுனில் ஷாஹ்மியைக் கண்டேன். அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

"பதினஞ்சு தட்டு இருந்தாத்தான் அந்த ஏத்தத்துக்குப் பெட்ரோல் கட்டும் அக்கா. மிச்சம் நாலஞ்சுக்காக எப்புடி ஏற?"

நான் பத்து வீட்டைத்தான் எடுத்தேன். அதோடு பைக்கே போய்விட்டது.

"செவ்வாய்க்கு அந்தத் தட்டெல்லாம் திரும்ப வந்தா வருவீங்களா தம்பி?"

"வராமலா?"

28 ஏப்ரல், ஞாயிறு

செவ்வாயில் மீன் கொடுக்காமலிருக்க ஒரு காரணம் வேண்டும். பேச ஆளில்லை, அதற்காக என்றால் லயமே சிரிக்கும். தனுஜாவுக்காக முருகனுக்குச் செவ்வாய் விரதம், அன்றைக்கு மீனைத் தொடமாட்டேன், இனி ஞாயிறு மட்டும்தான் விற்பேன் என்று சொல்லிவிட்டேன். பரிமளம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முருகா, நீ இதைக் கண்டுகொள்ளாதே.

ஷாஹ்மிக்குப் போன் எடுத்தேன். "அடுத்த வாரம் செவ்வாய் வாங்க. தட்டுக்கு நான் பொறுப்பு."

7 மே, செவ்வாய்

வந்துவிட்டார். ஹோர்ன் கேட்டதும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கதிரையைத் துடைத்துப் போட்டேன். கீழே தட்டுகள் முண்டியடித்தன. பெட்டி முக்கால்வாசி காலி. பைக் என் வாசலுக்கு வந்ததும் நானும் ஆசையாகத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அக்கா, வெரதம்," என்றாள் பரிமளம்.

மறந்தே போனேன். தட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஷாஹ்மி பைக்கிலிருந்து இறங்கவில்லை.

"சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி."

"வேணாங்க்கா, வெரத வீடு. உடுப்பெல்லாம் மீன் வாசம். இதோட ஏறுனாச் சரியில்ல. மகளுக்கு எல்லாம் நல்லா நடக்கும், பாருங்க."

திருப்பிக்கொண்டு போய்விட்டார். விரதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வந்து உக்காருங்க என்று கத்தியிருக்கலாம். பரிமளம் நின்றுகொண்டிருந்தாள்.

21 மே, செவ்வாய்

ஹோர்ன் வந்தது. தூர இருந்தே கையைக் காட்டினார். போய்விட்டார்.

விரதம் எப்போது முடியும் என்று பரிமளம் கேட்டாள். முடித்தால் செவ்வாயும் எல்லாரும் என் தொட்டிக்குத்தான் வருவார்கள். அவர் மலையேறமாட்டார். "தெரியல," என்றேன்.

லயம் முழுக்கச் சாளை பொரிக்கிற வாசம். நான் பருப்பு வைத்தேன்.