ஒரு உடம்பு, இரண்டு வீடு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஆரியசாலை முக்கில் முழங்கால் தண்ணீர். மொத்தக்கடைக்காரர்கள் மல்லி மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வாங்க வேண்டியவை: வீட்டில் பகவதிக்குப் பிரஷர் மாத்திரை, கொசுவத்தி, குடைக்கு ஒரு கம்பி.

பத்தாம் வகுப்பு. வந்ததும் வராததுமாக முதல் உலகப் போர்ப் பாடம். காரணங்கள், விளைவுகள். எத்தனை வருஷமாக இதே நாலு வரியைச் சொல்லிக்கொடுக்கிறேன்! நாடு பிடிக்கும் போட்டி, ராணுவக் கூட்டணிகள், ஆயுதக் குவிப்பு, தேசவெறி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போர்டில் 'விளைவுகள்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். பெல் அடித்துவிட்டது.

ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டார். "சாரே, வேணும்னா அந்த சாப்டரை மினி டீச்சர் எடுக்கட்டும். சார் ஜியாக்ரஃபி பாத்தா மதி, அது போதும்." நல்ல மனுஷி, நல்ல எண்ணம்தான். எனக்குச் சுள்ளென்று வந்தது. பாடத்தை மாற்றினால் என் பிள்ளை ஹரி வந்துவிடுவானா? நானே எடுக்கிறேன் என்றேன்.

சித்திரை விஷுவன்று பேசியதுதான் அவன் கடைசியாகப் பேசியது. ரஷ்யாவில் கேன்டீன் வேலை என்று போன பிள்ளை. இறங்கிய அன்றே தெரியாத பாஷையில் ஒரு காகிதம், கையெழுத்து. சமையல்கட்டு என்றவர்கள் துப்பாக்கியைக் கொடுத்தார்கள்.

சாயந்திரம் சலூன். பக்கத்து நாற்காலி ஆள்: "கிழக்கே ரெண்டு டவுணைப் பிடிச்சாச்சுன்னா குளிருக்கு முன்ன எல்லாம் தீரும், கேட்டோ. ட்ரோண் அல்லே இப்போ." கழுத்தில் துண்டைக் கட்டி உட்காரவைத்தால் எவனும் தளபதி. பாதி வெட்டிலேயே எழுந்து வந்துவிட்டேன். பகவதி தலையைப் பார்த்தாள், கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டிருந்தது. மூன்றாம் பீரியடில் தில்லியிலிருந்து போன். இங்கிலீஷும் ஹிந்தியும் கலந்து ஒரு அதிகாரி, இளவயசுக் குரல். மரியாதையாகத்தான் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு மறந்துபோனேன் என்று இருக்கக்கூடாது. ஹரி இருந்த குழுவிலிருந்து ஒரே நாளில் இந்தியப் பையன்கள் இரண்டு பேரைக் காணவில்லை. இப்போது ஒரு உடம்பு கிடைத்திருக்கிறது. முகத்தை வைத்து அடையாளம் சொல்லும்படி இல்லை. அது இரண்டு பேரில் ஒருவன். இரண்டு வீட்டு அப்பா அம்மாவும் ரத்தம் கொடுத்தால் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பையன் ஷிபின். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே கடற்கரை ஊர். ஹரியும் அவனும் ஒரே அறை. "இவன் மீன்குழம்பைப் பத்திப் பேசியே என்னைக் கொல்லுகாம்ப்பா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜில் சிரித்திருக்கிறான். ஷிபினின் அப்பா லாரன்ஸ் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். பிள்ளைகளிடமிருந்து பேச்சு நின்றதிலிருந்து நானும் அவரும் அநேகமாகத் தினமும் பேசிக்கொள்கிறோம். இங்கிலீஷில் எது வந்தாலும் நான்தான் அவருக்குப் படித்துச் சொல்வது. உலகத்தில் என் நிலைமையை இருக்கிறபடி புரிந்துகொள்ளும் ஒரே ஆள் அவர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பகவதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அப்பம் மத்தவன்?"

"அதை அவங்க சொல்லல."

மிச்சம் இருந்த அவரைக்காயையும் நறுக்கி முடித்தாள். ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஜூன் 14, சனி

தூறல். ஆஸ்பத்திரி லாப். போகிற வழியில் கிழக்கேகோட்டையில் இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்றாள் பகவதி. ஓங்கி எறிந்தாள். உடையாமல் உருண்டது. பொறுக்கி எடுத்து மறுபடி எறிந்தாள். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. காதில் விழுந்தது: "அது அவனா இருக்கப்படாது."

லாரன்ஸும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் முன்னாடியே வந்திருந்தார்கள். நேரில் பார்ப்பது முதல் தடவை. ஸ்டெல்லா கையில் ஜெபமாலை. விடியற்காலையில் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாளாம். பகவதி டிபன் டப்பாவைத் திறந்து இட்லி கொடுத்தாள். ஸ்டெல்லா ஒன்று எடுத்துக்கொண்டாள், எங்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா வாங்கிக்கொடுத்தாள். இரண்டு பேரும் பிள்ளைகளின் சின்ன வயசுச் சீக்குகளைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தனுக்கு இழுப்பு, ஒருத்தனுக்குக் காதுவலி.

ரத்தம் எடுத்த பெண்ணிடம் பகவதி, "இவ்வளவு மதியா? இன்னும் வேணும்னா எடுங்க மக்கா" என்றாள்.

வராந்தாவில் லாரன்ஸ் கேட்டார்: "சார் ஹிஸ்டரி சார் அல்லே. இது எதுக்கு நடக்குது சாரே?" சொன்னேன். பழைய சாம்ராஜ்யம் உடைந்தது, எல்லைகள், பயம், துறைமுகங்கள், பெரிய நாடுகளின் கை. சொல்லச்சொல்ல என் குரல் வகுப்புக் குரலாக மாறிவிட்டது எனக்கே கேட்டது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அதுக்கு நம்ம பிள்ளைகள் எதுக்கு?" என்றார். லாரன்ஸ், ஆள் வேண்டும் அல்லவா, அதற்குத்தான், என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது, இப்போதும் போக மாட்டேன் என்கிறது. பிள்ளையாரிடம் இவள் கேட்டதும் மாதாவிடம் அவள் கேட்டதும் ஒரே வேண்டுதல். இரண்டும் பலிக்க வழியில்லை. எங்கள் பிள்ளையாக இருக்கக்கூடாது என்றால் அவர்கள் பிள்ளையாக இருக்கட்டும் என்றுதான் அர்த்தம். பகவதியிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஜூன் 20, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது. க்ளாஸ் டெஸ்ட் பேப்பர் திருத்தினேன். 'போரின் விளைவுகள் ஐந்து எழுதுக.' நான் இன்னும் நடத்தவில்லை, வீட்டில் படித்து வரச் சொல்லியிருந்தேன். ஒரு பையன்: "போர் முடிந்தபின் அனைவரும் ஊருக்குத் திரும்பினர்." தப்பு போட சிவப்புப் பேனாவைக் கொண்டுபோனேன். முடியவில்லை. ஒரு மார்க் போட்டேன். போகட்டும், யார் கேட்கப்போகிறார்கள்?

எங்கள் சொந்த ஊர் பூதப்பாண்டி வயல் ஞாபகம் வந்தது. அப்பாவுடைய சித்தப்பா ஒருவர் மலாயாவுக்குக் கூலிக்குப் போனார். அங்கே ஜப்பான்காரன் வந்தான். ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதாகப் பேச்சு. அவ்வளவுதான், ஆள் வரவில்லை. செத்தார் என்று யாரும் எழுதித் தரவில்லை. அவர் பங்கு வயலை இன்றுவரை பிரிக்க முடியவில்லை. மூன்று தலைமுறையாகக் கேஸ். போன பொங்கலுக்குக்கூட என் ஒன்றுவிட்ட அண்ணன், "அந்த ஆளு செத்தாரா இல்லையான்னு தெரிஞ்சாத்தாம்ல ஒரு வழி பொறக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஹரி அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். மாசி மாசம் விமானம் ஏறினான்.

புத்தகத்தில் நாலு காரணம் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ராஜாக்களுடைய காரணம், மந்திரிகளுடைய காரணம். வேலை கிடைக்காத பையன் ஒருவன் எந்த ஊரிலாவது இருந்துகொண்டே இருக்கிறான் என்பதை ஐந்தாவதாக யாரும் எழுதவில்லை. நானும் இத்தனை வருஷத்தில் எழுதிப்போடவில்லை.

ஜூலை 3, வியாழன்

ஒன்றும் இல்லை. தில்லிக்குப் போன் பண்ணினால் "ப்ராசஸில் இருக்கிறது". மாத்திரை வாங்கினேன். குடைக்கம்பி மறந்துவிட்டேன்.

பகவதி ஹரியின் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைத் திரும்பத்திரும்பப் போடுகிறாள். "அப்பா, உங்க புத்தகத்துல படம் போட்டிருக்குமே பதுங்குகுழி, அது இங்க நெசமாவே இருக்கு. எலியும் இருக்கு." சிரிக்கிறான். அவன் சிரிக்கிற இடம் வரை ஓடவிட்டு நிறுத்திவிடுகிறாள்.

லாரன்ஸ் போனில்: "கடல் மோசம் சாரே. வள்ளம் இறக்கல. வீட்ல இருந்தா இவ முகத்தப் பாக்கணும்."

இங்கேயும் அதே கதைதான் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

மலையாளத்துக்குக் கர்க்கடகம் ஒன்று, நமக்கு ஆடி. காலையிலேயே கோயில் ஒலிபெருக்கியில் ராமாயண வாசிப்பு. விடாத மழை.

பதினொரு மணிவாக்கில் தில்லி. "நாட் மேட்சிங், சார்." இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். உங்கள் மகன் இல்லை.

ஸ்டாஃப் ரூமில் யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். மினி டீச்சர் அழுதாள். பகவதிக்குப் போன் செய்தேன், அந்தப் பக்கம் ஒரு மாதிரிச் சத்தம் மட்டும். பிறகு, "கோயில்ல பாயசத்துக்குச் சீட்டு எழுதிட்டு வாரேன்" என்று ஓடிவிட்டாள்.

உடனே லாரன்ஸைக் கூப்பிட்டேன். இதை எப்படி எழுதுவது? இத்தனை நாளும் நல்லதோ கெட்டதோ அவரிடம்தான் முதலில் சொல்வேன். விரல் தானாகவே அவர் பேரை அமுக்கிவிட்டது. "லாரன்ஸ்! நம்ம பையன் இல்லையாம்! நம்ம பையன் இல்லை!" என்று கத்தினேன். 'நம்ம' என்று சொன்னேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம். தூரத்தில் ஒரு கோழி. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் மெதுவாகக் கேட்டார்: "சாருக்குப் போன் வந்துதா?"

"வந்துது."

"எங்களுக்கு இன்னும் வரல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு உடம்பு, இரண்டு வீடு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு. "சரி சாரே. சந்தோஷம்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அவர் பிள்ளை செத்ததை நான் கூத்தாடிக்கொண்டு அவருக்குச் சொல்லியிருக்கிறேன். வரலாற்று வாத்தியாராம்!

ஜூலை 19, சனி

கண் திறக்க முடியாத மழை. கோயில் பாயசத்தைத் தெருவெல்லாம் கொடுத்துவிட்டாள் பகவதி. நான் செய்ததை அதன்பிறகுதான் சொன்னேன். அடுக்களையில் ஒரு தூக்கு மிச்சம் இருந்தது. அதை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

"தேங்கா ஒடச்சவ நானாக்கும்" என்றாள்.

"அப்படியெல்லாம் இல்ல பகவதி."

"பின்ன எப்படி?"

வியாழக்கிழமை எனக்கு வந்த சந்தோஷத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அப்படி ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் வந்ததில்லை, ஹரி பிறந்தபோதுகூட. செத்தவன் அடுத்த வீட்டுப் பிள்ளை என்பதால் வந்தது. இதை வைத்துக்கொண்டுதான் அத்தனை பேரும் அத்தனை சண்டையையும் நடத்துகிறார்கள் போலிருக்கிறது. நம்முடையது தப்பினால் போதும். எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

லாரன்ஸுக்குப் போன் செய்யவில்லை. தைரியம் இல்லை.

ஜூலை 28, திங்கள்

பள்ளிக்கூடம். விளைவுகளை மினி டீச்சர் எடுத்து முடித்துவிட்டாள். நான்தான் கேட்டுக்கொண்டேன்.

தில்லிக்குப் போன். "உங்கள் மகனைப் பற்றிப் புதுத் தகவல் இல்லை, சார். மிஸ்ஸிங் என்றுதான் இருக்கிறது." எவ்வளவு நாளைக்கு அப்படி இருக்கும் என்று கேட்டேன். அந்த இளவயசுக் குரல் கொஞ்சம் தயங்கியது. "சொல்ல முடியாது, சார்."

பகவதி பத்து நாளாக, ஏதோ ஆஸ்பத்திரியில் ஞாபகம் தப்பிக் கிடக்கிறான், கும்பிட்ட தெய்வம் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று சொல்லவில்லை. அவன் சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்தாள், மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

சாயந்திரம் லாரன்ஸே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பெட்டி விமானத்தில் வருகிறது. சனிக்கிழமை அடக்கம். "சாரும் சேச்சியும் வரணும்." கோபம் ஒரு துளி இல்லை அந்தக் குரலில். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 2, சனி

வெயிலும் காற்றும். கடல் சாம்பல் நிறம். ஊரே வந்திருந்தது. வள்ளங்களில் கறுப்புத் துணி. பெட்டியை ஆணியடித்து மூடியிருந்தார்கள், திறக்கக்கூடாதாம். மேலே ஷிபினின் போட்டோ. மீசை இப்போதுதான் அரும்பியிருக்கிறது.

லாரன்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க ஏதோ தொடங்கினேன். "விடுங்க சாரே, யாராவது சொல்லணுமே" என்றார்.

மணி அடித்தது. பாட்டு. குழியில் மண் விழுகிற சத்தம். ஒவ்வொருத்தராகக் கைப்பிடி மண் போட்டார்கள். ஸ்டெல்லா குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, மண்ணைக் கையால் தட்டித்தட்டிச் சமப்படுத்தினாள். முகம் தெளிந்திருந்தது. இத்தனை நாளில் அப்படி ஒரு முகத்தை நான் எங்கள் வீட்டில் பார்க்கவில்லை. எனக்குப் பொறாமை வந்தது. வேறு எந்தப் பேர் வைத்தாலும் பொய்.

பகவதி போய் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். மணலைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தாள். ஸ்டெல்லா மண் ஒட்டிய கையால் இவள் கையைப் பிடித்தாள்.

"அழாதீங்க சேச்சி. சேச்சிக்கும் இதுபோல ஒரு பெட்டி கிட்டும்."

நான் பதறிப்போனேன். பகவதி எழுந்து கத்துவாள், கையை உதறுவாள் என்று நினைத்தேன். அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"எப்பம் கிட்டும்?" என்றாள்.