மாமாவின் மீன் சாஸ்

என்னங்க,

இன்று மாமாவின் திதி. உங்கள் அப்பாவுக்குப் படைக்க மீன் சாஸ் வாங்கி வரச் சொன்னால், வெள்ளைக்காரர் சூப்பர் மார்க்கெட்டில் ஏதோ தாய்லாந்து பாட்டிலை வாங்கி வந்திருக்கிறீர்கள். கேட்டால், "எல்லாம் மீன்தானே, செத்தவருக்கு என்ன தெரியப்போகுது?" என்கிறீர்கள்.

நான் ஃபுட்ஸ்க்ரேயில் நம் வியட்நாம் கடைக்குப் போகிறேன். அங்கே கார் நிறுத்த இடமில்லை என்று இனி சொல்ல வேண்டாம், ரயில் போகிறது.

படத்தின் முன் வைத்த மாம்பழத்தைத் தொடாதீர்கள். ஊதுபத்தி அணையும்வரை அவர்தான் சாப்பிடுகிறார்.

உயிரோடு இருந்தவரை, "சாஸ் சரியில்லம்மா" என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறொன்றும் பேசியதில்லை. இன்றைக்கும் அதையே சொல்ல வைக்க மாட்டேன்.

லியென்

பி.கு. உங்கள் பாட்டில் வீணாகாது. இனி உங்கள் தட்டுக்கு மட்டும் அதுதான். எல்லாம் மீன்தானே.