வாடாத தக்காளியும் மைத்துனியின் மூக்குக்கண்ணாடியும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற செய்தியாளர்,
இரட்டை வீட்டின் இடப்பாதி,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு.

பெறுநர்:
காவல் துறை உயர் அதிகாரி அவர்கள்,
நகரத் தலைமை அலுவலகம்.

பொருள்: பசுமைக் குடிலில் புகுந்து எங்களைத் தாக்கிய என் சகலை மீது நடவடிக்கை கோருவதும், அதற்கு முன்பாக அவர் மனைவியை உடனே நேரில் பார்க்கக் கோருவதும் குறித்து.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இரட்டை வீட்டின் இடப்பாதியில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். வலப்பாதியில் என் மனைவியின் தங்கையும் அவர் கணவரும், அதாவது என் சகலையும், வசிக்கிறார்கள். பின்புறம் ஆளுக்கொரு பசுமைக் குடில் உண்டு. நடுச்சுவரில் அக்காவும் தங்கையும் போய்வர ஒரு சிறு கதவு இருக்கிறது. குடிலுக்குள் காற்றும் தேனீயும் சரியாக வராது; மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கத் தக்காளிப் பூவை நாம்தான் அதிர வைக்க வேண்டும். மைத்துனி அதற்கு ஒரு பழைய பேட்டரி டூத்பிரஷை வைத்திருக்கிறார். தினமும் காலையில் சுவருக்கு அப்பால் அது ரீங்காரமிடும். "வண்டு வேலைக்கு வந்தாச்சு" என்பார் என் மனைவி.

2. எங்கள் மண்ணில் வாடல் நோய் உண்டு. அதனால் நோய் தாங்கும் கலப்பினத் தக்காளி விதையை ஒவ்வொரு பருவமும் புதிதாக வாங்கி நடுகிறேன். சகலைக்கு இது கேலி. "விதைக்கடைக்காரனுக்குப் படியளக்கிறதே இவருக்கு வேலை" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார். சென்ற பருவத்தில் விதை எடுப்பதற்காக என்னிடம் நன்கு பழுத்த பழங்களைக் கேட்டு வாங்கினார். கலப்பினப் பழத்தின் விதை தாய்ச்செடியைப் போல வராது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் போகும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். "சும்மா பயமுறுத்தாதீங்க சகலை, விதைன்னா விதைதான்" என்றார். அந்த விதைகளைக் கழுவிக் காயவைத்தவர் மைத்துனி. இதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. செடி வளரும் முன்பே சகலை, கடைத்தெருக் காய்கறிக்காரரிடம் இனிப் பழம் தன்னிடமிருந்துதான் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வந்த செடிகளில் ஒன்று முழங்கால் உயரத்தோடு நின்றது. ஒன்று கூரையை முட்டியும் பூக்கவில்லை. பல, காய் பிடிக்கும் நேரத்தில் வாடித் தொங்கின. சனிக்கிழமை காலை கடையில் ஆட்கள் நிற்கையில் காய்கறிக்காரர், "என்னங்க, உங்க தக்காளி தலையே காட்டல? சகலைகிட்ட ட்யூஷன் போறதுதானே?" என்று கேட்டிருக்கிறார். சகலை அங்கிருந்து நேராக எங்கள் குடிலுக்கு வந்தார்.

4. நான் பக்கத் தளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். என் மனைவி செடிகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். சகலையின் கையில் செடிக்கு ஊன்றும் இரும்புக் கம்பி இருந்தது. அதன் நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தது. முதல் அடியில் கூரைத் தகடு உடைந்தது. அடுத்து, கயிற்றில் நின்ற செடிகளை வரிசையாக அடித்துச் சாய்த்துக்கொண்டே வந்தார். "பழத்த வெந்நீர்ல முக்கி, விதைய அவிச்சுட்டுத்தானேடா குடுத்தே?" என்று கத்தினார். பதில் சொல்ல வாயெடுக்கும் முன் என் தோளில் ஓர் அடியும் காதின் மேல் ஓர் அடியும் விழுந்தன. நான் கீழே சரிந்தேன். மூன்றாவது அடிக்கு என் மனைவி கையைக் குறுக்கே நீட்டினார். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு சகலை என் மார்பில் முழங்காலை ஊன்றி, "தின்னுடா, உன் வாடாத தக்காளிய" என்று மண்ணும் காயுமாக அள்ளி என் வாயில் திணித்தார். முன்பல் ஒன்று உடைந்தது. எனக்கு மூச்சு நின்றுபோனது.

5. அப்போது மைத்துனி ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மாமாவ விடுங்க. பழத்துல ஒரு குத்தமும் இல்ல. விதைய எடுத்தது நான்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். என் மார்பின் மேலிருந்த பாரம் உடனே விலகியது. "ஓ... நீயாடி? அக்காவும் தங்கச்சியும் சேர்ந்துதான் என்னை முட்டாளாக்குனீங்களா?" என்று சகலை கேட்டார். அதுவரை கத்தியவர், இதை மெதுவாகத்தான் கேட்டார். அவர் பிடித்துத் தள்ளியதில் மைத்துனியின் முகம் நாற்றுத் தட்டு மேசையின் விளிம்பில் மோதியது. பிறகு தலைமுடியைக் கையில் சுற்றி, உடைந்த தகடுகளின் மேலேயே இழுத்துக்கொண்டு போனார். சிறு கதவு அந்தப் பக்கம் தாழிடப்பட்டது. அதன் பின் மைத்துனியை எங்களில் யாரும் பார்க்கவில்லை.

6. காவல் நிலையத்துக்கு அப்படியே போனோம். எழுத்தர் என் சட்டையைப் பார்த்து, "இதுல ரத்தம் எது, தக்காளி எது?" என்று கேட்டார். இருந்தவர்கள் சிரித்தார்கள். "சகலைங்க சண்டைதானே, நாளைக்கு ஒண்ணா உக்காந்து சாப்பிடுவீங்க" என்று சமாதானமாகப் போகச் சொன்னார்கள். மைத்துனியைப் பற்றி நான் வற்புறுத்தியதால் ஒரு காவலரை அனுப்பினார்கள். தன் மனைவி பேருந்தேறித் தோழி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சகலை வாசலில் நின்றபடி சொன்னாராம். காவலர் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

7. அவர் பேருந்து ஏறியிருக்க முடியாது. அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கள் குடிலில், சாய்ந்த செடிகளுக்கு அடியில் கிடந்தது. அது இல்லாமல் அவருக்குப் பூவும் இலையும் ஒன்றுதான். பேருந்தின் எண் எங்கே தெரியப்போகிறது? வேறு கண்ணாடி அவரிடம் இல்லை. அவர் கைப்பேசி அணைந்திருக்கிறது. ஏணி வைத்துச் சுவருக்கு மேலே பார்த்தேன். இதுவரை வெறும் கொக்கி மாட்டியிருந்த அவர்கள் உரக்கொட்டகையின் கதவில் புதிய பூட்டு தொங்குகிறது. அந்தப் பக்கம் மிஞ்சிய செடிகளில் பூக்கள் உதிர்கின்றன. நேற்றும் இன்றும் வண்டு வேலைக்கு வரவில்லை.

8. என் கூரையும் என் பல்லும் பொறுக்கும். சமாதானக் கடிதத்தில் கையெழுத்து வேண்டுமென்றால், மைத்துனியைப் பார்த்த அடுத்த நிமிடம் போட்டுத் தருகிறேன். இப்போது நான் கேட்பது ஒன்றுதான். சகலைக்கு முன்கூட்டிச் சொல்லாமல் தங்கள் ஆட்கள் அந்த வீட்டுக்குள் போக வேண்டும். வாசலோடு திரும்பாமல் அந்தப் பூட்டைத் திறந்து பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை இத்துடன் வைத்திருக்கிறேன். வளைந்த காதுக்கம்பியை நிமிர்த்தி, மண்ணைத் துடைத்திருக்கிறேன். அருள்கூர்ந்து அதைச் சகலையிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். அவர் மனைவியின் கையிலேயே கொடுங்கள். அதை அணிந்துகொண்டு அவர் தங்கள் முகத்தைப் பார்த்த பிறகே இந்த மனு முடிந்ததாக நாங்கள் கொள்வோம்.

இடம்: அரசு மருத்துவமனை, எலும்பு முறிவுப் பிரிவு நடைக்கூடம்
நாள்: திங்கட்கிழமை, காலை

தங்கள் விரைவை நம்பியிருக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற செய்தியாளர்

(ஒப்பம்)
அவர் மனைவி, காணாதவரின் அக்கா
(வலக்கையில் மாவுக்கட்டு இருப்பதால் இடக்கையால் ஒப்பமிட்டது)

இணைப்பு: மருத்துவச் சான்று இரண்டு, மூக்குக்கண்ணாடி ஒன்று.